ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-இல் ஹாரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பெண்மணி பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம். வந்து சேர்ந்த பிள்ளைகள் மிஷன் வளவிலேயே தங்கி, உண்டு உடுத்து, தையலும் படிப்புமாக வளர்ந்தார்கள். அவருடைய சொந்த மகன் சார்ல்ஸை மட்டும் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1832-இல், பதினோரு வயதில், அவன் அங்கே இறந்துபோனான். அடுத்த சனவரியில் உடுவிலில் தாயும் இறந்தார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. அதை இவ்வளவு கடுமையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் மிஷனரிக் குடும்பத்தாரைப்போல் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குச் சற்றுப் பின்னும் வாழ்ந்த இந்தக் குடும்பங்களின் கடிதங்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் படிக்கப் படிக்க, எனக்கு ஒரே காட்சிதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பங்களா நிறைய ஊர்ப் பிள்ளைகள். பெற்ற பிள்ளை கடலுக்கு அக்கரையில். அச்சகம், அகராதி, கல்லூரி, ஆஸ்பத்திரி என்று மிஷன் வரலாற்றை எழுதிவைத்திருக்கிறோம். அந்த வேலைகளெல்லாம் எந்த வீட்டிலிருந்து நடந்தனவோ, அந்த வீட்டைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

குடும்பத்தோடு ஊழியத்துக்கு வருவது என்பதே அன்று இந்த மண்ணுக்குப் புதுசு. மதுரையில் இருந்த ராபர்ட் தெ நோபிலிக்கும் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவருக்கும் இந்தத் தொல்லை கிடையாது. துறவி என்றால் ஊருக்குப் புரியும்; காவியும் மரக்கறிச் சாப்பாடும் போதும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் முதலில் தனி ஆள்தான். இடையில் ஐரோப்பாவுக்குப் போனவர் 1716-இல் மரியா டொரோத்தேயா என்ற மனைவியோடு திரும்பினார். மூன்றே ஆண்டுகளில், முப்பத்தாறு வயதில், அவர் இறந்துவிட அந்த இளம்பெண் விதவையானார். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் கடைசிவரை மணம் செய்துகொள்ளவே இல்லை; ஆனால் இளவரசர் சரபோஜிக்குத் தகப்பன்போல் இருந்தார். மனைவி என்று ஒருத்தி வந்துவிட்டால் அடுப்பு வரும். அடுப்பைத் தொடர்ந்து சமையற்காரர், சமையற்காரர் பின்னால் ஆயா, ஆயாவுக்கு முன்னால் தொட்டில். தொட்டிலுக்கு அடுத்தது பள்ளிக்கூடமா கல்லறையா என்பது காய்ச்சலின் கையில் இருந்தது.

ஹாரியட்டைப் போன்றவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் வாரியம் தன் பதிவேடுகளில் மனைவிமாரை 'துணை மிஷனரி' என்று எழுதிவைத்தது. அப்படிப்பட்ட துணைகள் இல்லாவிட்டால் உடுவில் இல்லை. நாகர்கோவில் லேஸ் பின்னலும் இல்லை. லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அங்கே பிறந்து, தமிழைக் காதில் கேட்டே வளர்ந்த அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து அதே கலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தின் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்த ஒப்பிலக்கணக்காரரின் வீட்டிலேயே தமிழில் பிறந்து வளர்ந்த ஒருவர் இருந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மிஷனரி எழுதிய கடிதம் அம்மாவுக்கோ தங்கைக்கோ மட்டும் போனதல்ல. 'மிஷனரி ஹெரால்டு' போன்ற பத்திரிகைகளில் அச்சாகி, ஊர் ஊராக வாசிக்கப்பட்டு, காணிக்கையாகத் திரும்பி வந்த கடிதம் அது. ஆகவே வீட்டில் நடந்த சண்டையோ சலிப்போ அதில் இருக்காது. துக்கம் இருக்கும், துக்கத்துக்குக் காணிக்கை உண்டு. வேலைக்காரர்களைப் பற்றி எழுதும்போது ஒரு சங்கடமும் தெரியும். நியூ இங்கிலாந்துப் பண்ணை வீட்டில் தானே பால் கறந்து, தானே துணி துவைத்து வளர்ந்த பெண், இங்கே வந்து ஒரு கூட்டமே வேலைக்கு வைத்திருப்பதை ஊருக்கு எப்படிச் சொல்வாள்? வெயில் தாங்காது, இங்கே வழக்கம் அப்படி, கூலி மலிவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் தரப்பிலிருந்து நமக்கு ஒரு காகிதமும் வரவில்லை. சமையற்காரர் துரைசாணியைப் பற்றித் தன் வீட்டில் என்ன பேசினார் என்பது தெரிந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒரு நாள் பொழுது எப்படிப் போனது? வெயில் ஏறுமுன் எழ வேண்டும். துரை குதிரையிலோ மாட்டு வண்டியிலோ கிராமங்களுக்குப் போய்விடுவார்; சில நேரம் கூடாரத்தோடு வாரக்கணக்கில். வீட்டில் காலை ஜெபத்துக்கு வேலைக்காரர்களும் விடுதிப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முன்ஷி வந்து தமிழ் சொல்லிக்கொடுப்பார். மருந்துப்பெட்டி வைத்திருந்த வீட்டில் திண்ணையே ஆஸ்பத்திரி. மருத்துவப் படிப்பு இல்லாத மனைவியும் கொய்னாவை அளந்து கொடுத்துக்கொண்டிருப்பார். பகலில் கதவு ஜன்னல்களை அடைத்து, வெட்டிவேர் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டு, அரையிருட்டில் கணக்கு எழுதுவார்கள். புத்தகத்தில் பாதியைக் கரையான் தின்றிருக்கும். மேசை, அலமாரி, கட்டில் எல்லாவற்றின் காலும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிற்கும். கிண்ணம் ஒரு நாள் காய்ந்தால் அன்றைக்குச் சர்க்கரை எறும்புக்கு.

சமையற்கட்டு வீட்டோடு சேராமல் பின்னால் தனியாக இருக்கும். அதற்குள் துரைசாணி அதிகம் நுழைவதில்லை. நுழைந்தால் சமையற்காரருக்குப் பிடிக்காது. ரொட்டிதான் பெரிய பாடு. கோதுமை மாவு கிடைத்தாலும் புளிக்க வைக்க ஈஸ்ட் கிடையாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குக் கைகண்ட பொருள் கள். ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுகிற நாட்டில் அதில் யாருக்கும் வியப்பில்லை. மதுவிலக்கைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்த எத்தனையோ பாதிரியார்கள் காலையில், பனையேறி இறக்கிக் கொடுத்த கள்ளில் உப்பிய ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. வெளியூரில் குடித்தனம் நடத்துவது என்றால், கொள்கை ஒரு பக்கமும் அடுப்பு ஒரு பக்கமும் இழுக்கத்தான் செய்யும்.

சாதியும் அந்த அடுப்படியிலேயே வந்து நின்றது. சமைப்பவர் கூட்ட மாட்டார், கூட்டுபவர் தண்ணீர் எடுத்துவர முடியாது, துணி வெளுக்க ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர், கக்கூசுக்கு இன்னொருவர். சாதி கூடாது என்று பிரசங்கித்த வீடே சாதி பிரித்துவைத்த வேலைகளுக்குத் தனித்தனியாகச் சம்பளம் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியின் தொடக்க காலத்தில் சைவ வேளாளப் பிள்ளைகள் மிஷன் நிலத்தில் சமைத்ததை உண்ண மறுத்தார்கள். அதனால் பக்கத்தில் இருந்த வேற்றார் காணியில் சமையல் நடந்தது. படிப்பு இந்தப் பக்கம், சோறு அந்தப் பக்கம். பசியோடு நடுவில் நடந்து போய்வந்த பையன்களில் சிலர் பின்னாளில் பெரும் தமிழறிஞர்கள் ஆனார்கள். அவர்களில் பலருக்கு அமெரிக்கப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன: கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னால்டு சதாசிவம்பிள்ளை. அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுதோறும் பணம் அனுப்பினால், இங்கே ஒரு பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம் என்பது ஏற்பாடு. அங்கே இறந்துபோன சொந்தப் பிள்ளையின் பெயரை இங்கே இன்னொருவர் பிள்ளைக்கு வைக்கச் சொன்னவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சாவு அந்த வீடுகளில் கூடவே குடியிருந்தது. 1819 ஜூன் 8 அன்று பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. வின்ஸ்லோ தம்பதியும், லீவாய் ஸ்பால்டிங்–மேரி தம்பதியும், டாக்டர் ஜான் ஸ்கடர்–ஹாரியட் தம்பதியும் அதில் இருந்தார்கள். ஸ்கடரின் இரண்டு வயது மகள் மரியாவும் வந்தாள். நான்கு மாதத்துக்கு மேல் கடலில் தாக்குப்பிடித்த குழந்தை, கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களில் இறந்துபோனாள். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தவர்களின் நிலைமை இன்னொரு விதம். இலங்கையின் ஆங்கில அரசு 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிகளை அனுமதிக்கவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன இடிந்த கோயில்களுக்கும் குருமனைகளுக்கும் ஓலை வேய்ந்து குடியேறிய சில குடும்பங்கள், ஒருவர் செத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லாமல் பதினான்கு ஆண்டுகளைக் கழித்தன. ஹாரியட் வின்ஸ்லோவின் மூன்று தங்கைகளும் பிறகு மிஷனரிகளின் மனைவிமாராக இந்தப் பக்கமே வந்து சேர்ந்தார்கள் என்பது இன்று படிக்கும்போது பக்தியா பைத்தியமா என்று கேட்க வைக்கிறது. உடுவிலில் பிறந்த ஹாரியட்டின் மகள் வழியில் வந்தவர்கள்தாம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் சிஐஏ தலைவர் ஆலன் டல்லஸும். வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கும் யாழ்ப்பாணத்தார் யாருக்கும் அது தங்கள் ஊர்ச் சங்கதி என்று தெரிந்திருக்காது.

ஹாரியட் வின்ஸ்லோவின் கணவர் மைரன் பின்பு சென்னைக்குப் போய், 1862-இல் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். இரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பும் வழியில், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். ஜான் ஸ்கடரும் 1855-இல் அதே முனையில்தான் இறந்தார். நாற்பது ஆண்டு வெயிலில் கிடந்த உடம்பு, வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் எங்கோ நின்றுபோனது.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்தே பிறந்தது. அங்கும் காலராவும் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் இருந்து பார்த்தார்கள், அங்கே மலைக்காய்ச்சல். பிறகு பழனி மலைத்தொடரில் ஏறி 1845-இல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊரின் தொடக்கம் அது. இன்று தேனிலவுக்குப் போகிறவர்கள் நினைக்கிறபடி அந்த ஊர் உல்லாசத்துக்காக எழவில்லை. பிள்ளைகள் சாகாமல் இருக்க எழுந்தது. மோட்டார் சாலை வருவதற்கு முன், சமவெளியை இரவெல்லாம் மாட்டு வண்டியில் கடந்து பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து ஒற்றையடி மலைப்பாதையில் ஏற வேண்டும். பெண்களும் குழந்தைகளும் டோலியில். தட்டுமுட்டுச் சாமானும் டிரங்குப் பெட்டியும், சில நேரம் பியானோவும்கூட, தலைச்சுமையாக மேலே போயின. யாருடைய தலையில் என்பதை அந்தக் காலத்து எழுத்துகள் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன: கூலிகள்.

மலை ஏறியதால் உயிர் பிழைத்தது. ஆனால் பிள்ளைக்கு ஆறு ஏழு வயதானதும் அடுத்த கேள்வி வந்து நின்றது: இவனை எங்கே வளர்ப்பது? வெயிலும் படிப்பும் மட்டும் காரணமில்லை. ஆயாவின் மடியில் வளர்ந்த பிள்ளை தாய்மொழிக்கு முன்பே தமிழ் பேசியது. அப்பா முன்ஷியிடம் ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்தும் வாயில் நுழையாத ழகரம் பிள்ளையின் நாக்கில் தானாக விளையாடியது. பெற்றோர் இதைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டும், பெரும்பாலும் பயந்தார்கள். வேலைக்காரர் பேச்சு, வசவு, பேய்க்கதை, சாமியாட்டம் எல்லாம் அந்த மொழி வழியே உள்ளே வந்துவிடும் என்ற பயம். இதே அமெரிக்க வாரியத்தின் ஹவாய் மிஷனில் பிள்ளைகளை உள்ளூர் மொழியிலிருந்தே விலக்கி வைத்தார்கள். 1841-இல் ஹொனலூலுவில் அவர்களுக்கென்றே புனஹூ பள்ளியையும் கட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகளை நம் பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். நம் பிள்ளை மட்டும் ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விடக் கூடாது. இந்தக் கணக்கு எந்த மிஷன் அறிக்கையிலும் இவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதப்படவில்லை. ஆனால் எல்லா வீடுகளிலும் நடைமுறையில் இருந்தது.

இங்கிலாந்தில் மிஷனரிகளின் பெண்பிள்ளைகளுக்கு 1838-இல் வால்தம்ஸ்டோவிலும், ஆண்பிள்ளைகளுக்கு 1842-இலும் விடுதிப் பள்ளிகள் தோன்றின. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் இன்னும் கறாரானது. ஊழியர் யாரை மணக்கலாம் என்பதையே கமிட்டி முடிவு செய்தது, பிள்ளைகளையும் பாசலில் இருந்த இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தலைசேரியில் மலையாள அகராதி தொகுத்த ஹெர்மன் குண்டர்ட்டின் மகள் மேரி, கேரளத்தில் பிறந்து, ஐரோப்பாவில் பெற்றோர் இல்லாமல் வளர்ந்தவர். மிஷனரியாகவே இந்தியாவுக்குத் திரும்பியும் வந்தார். பிற்பாடு அவர் தன் மகனையும் சில காலம் பாசல் மிஷனின் ஆண்பிள்ளைகள் இல்லத்தில் விட்டார். அந்த மகன்தான் ஹெர்மன் ஹெஸ்ஸே. தான் பட்டதைத் தன் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்தக் குடும்பங்களில் பல நேரம் அது நடக்கவில்லை. பட்டதே முறை என்றாகிவிட்டது.

ஸ்கடர் குடும்பம் இதற்குப் பெரிய சாட்சி. பிழைத்து வளர்ந்த ஆண்மக்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டுப் படித்தார்கள். ஏழு பேர் மிஷனரிகளாகத் திரும்பி வந்தார்கள். 1853-இல் ஆற்காடு மிஷன் அந்த அண்ணன் தம்பிகளால் எழுந்தது. அடுத்த தலைமுறையில், 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவைப் பதின்ம வயதில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் இந்தியாவுக்குக் கப்பலேறினார். தான் ஒருநாளும் மிஷனரி ஆகப்போவதில்லை என்று அந்தப் பெண் உறுதி எடுத்ததில் என்ன வியப்பு? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தவர், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் தேடி வந்து திரும்பியதையும், மறுநாளுக்குள் அந்த மூன்று பெண்களும் இறந்ததையும் கண்டு மனம் மாறிய கதை பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால், பெற்றோரின் ஊழியத்தால் தனித்து விடப்பட்ட ஒரு பெண்ணின் கோபம் இருந்தது என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஐடா பின்னாளில் எழுப்பிய வேலூர் ஆஸ்பத்திரியின் அஸ்திவாரத்தில் அந்தக் கோபத்துக்கும் ஒரு கல் உண்டு என்பது என் எண்ணம்.

எல்லாக் கதைகளிலும் என்னை அதிகம் நிறுத்துவது கொல்லிமலைக் கதை. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற மிஷனரித் தம்பதி மணமான புதிதில், 1913 வாக்கில், கொல்லிமலையில் வாழவந்தியில் குடியேறினார்கள். எவலின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் வரைவார். வீட்டுக்கான மரச்சட்டங்கள் மலைமேல் சுமந்து வரப்பட்டன. ஜெஸ்ஸி பல் பிடுங்குவார், நரம்புச் சிலந்தியைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல இழுத்து எடுப்பார், அது வராமலிருக்கக் கிணறுகளைக் கட்டச் சொல்வார், தச்சு வேலை சொல்லிக்கொடுப்பார். 1914-இல் மகன் பால் பிறந்தான். பிறகு மகள் கோனி. பலாமரக் கிளையில் உட்கார்ந்து பாடம் படித்த பையன் அவன். முதல் உலகப் போருக்குப் பின் வந்த விஷக் காய்ச்சலில் சாகக் கிடந்த மலைப் பூசாரி ஒருவர், தன் கைக்குழந்தையை இந்தத் தம்பதியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது.

1923-இல் ஒன்பது வயது பாலையும் கோனியையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் எவலினின் சகோதரிகள் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அடுத்த விடுப்பில் பார்க்கலாம். அதுவரை கடிதம். அப்பாவின் கடிதங்களில் மரம், பூச்சி, பாறை, மழை என்று கொல்லிமலை வந்துகொண்டே இருந்தது. 1929 ஜூனில் ஜெஸ்ஸிக்குக் கருநீர்க் காய்ச்சல் வந்து, நாற்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். தந்தி உடனே லண்டனுக்குப் போய்விட்டது. கடிதமோ கப்பலில் வர வேண்டும். அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் பதினைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த பையனுக்கு அப்பாவின் கடிதங்கள் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அடுத்த விடுப்பைப் பற்றி ஆசையோடு பேசின. பிறகு ஒரு வாரம் வரவில்லை.

அந்தப் பையன்தான் 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். எவலின் ஓய்வுக்கு வயது வந்துவிட்டது என்று மிஷன் சொன்னபின், மிஷனை விட்டுவிட்டுத் தன் பொறுப்பில் மலைக்கே போய்விட்டார். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தவரைக் கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் புதைத்தார்கள்.

1901-இல் கொடைக்கானலில் ஹைகிளர்க் என்ற விடுதிக் கட்டடத்தில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி பதின்மூன்று பிள்ளைகளோடு தொடங்கியபோது இந்தக் கணக்கு ஓரளவு மாறியது. கடல் கடப்பதற்குப் பதில் மலை ஏறினால் போதும். கோடையில் அம்மாக்கள் மேலே போய்க் குடித்தனம் வைப்பார்கள், அப்பாக்கள் சமவெளியில் வேகுவார்கள். வருடத்தில் சில மாதமாவது பிள்ளையைப் பார்க்கலாம். ஆனால் மதுரையிலும் திருமங்கலத்திலும் ஆயாவோடு பேசித் திரிந்த தமிழை, ஆங்கிலமே பேசிய அந்த மலைப்பள்ளி மெல்ல மெல்லக் கழற்றிவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறையில் மதுரை மிஷன் வீட்டில் பிறந்த ஜான் சாண்ட்லர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு முதல் பதிப்பாசிரியராக இருந்தவர். அப்படி இன்னொருவரை அந்தப் பள்ளி தந்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்படி இரண்டு நாட்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று சமூகவியல் இன்று அழைக்கிறது. ரூத் யூசிம், ஜான் யூசிம் என்ற தம்பதி அந்தப் பெயரை 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களைப் பார்த்துத்தான் உண்டாக்கினார்கள்.

பங்களாவுக்கும் வளவுக்கும் நடுவில் ஒரு கோடு எப்போதும் இருந்தது. நெய்யூரில் பெரும் பணி செய்த சார்ல்ஸ் மீட், மனைவியை இழந்தபின் 1850-களின் தொடக்கத்தில், தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த லோயிஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மாவும் அப்பாவுமாக இருக்கலாம். ஊர்ப் பெண் பங்களாவுக்கு எஜமானியாக முடியாது. மீட் லண்டன் மிஷனை விட்டு விலக நேர்ந்து, திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளைக் கவனிக்கப் போனார். அந்தக் கோட்டை வேறு விதமாகத் தாண்டியவர் டோனாவூரின் ஏமி கார்மைக்கேல். மணமாகாத அவர், கோயிலுக்கு விடப்படவிருந்த குழந்தைகளை எடுத்து வளர்த்தார். எல்லோருக்கும் அவர் 'அம்மா'. அங்கே மிஸ், மேடம் என்ற பேச்சு இல்லை. வெள்ளைக்காரப் பெண்கள் சித்தி, தமிழ்ப் பெண்கள் அக்காள், ஆண்கள் அண்ணாச்சி. நெல்லைச் சீமையின் உறவுப் பெயர்கள் ஒரு மிஷன் நிறுவனத்தின் பதவிப் பெயர்களாயின. ஆனாலும் பாருங்கள், சித்தி யார் அக்காள் யார் என்பது தோலைப் பார்த்துத்தான் முடிவாயிற்று.

கதை வெள்ளைக்காரர்களோடு முடியவில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909-இல் தெலுங்கு நாட்டு டோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார். பின்னாளில் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு வழியாகத் தமிழ்க் குடும்பங்கள் வடக்கே பழங்குடிப் பகுதிகளுக்குச் சென்றன. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்தோ மக்களிடையே போய்த் தங்கியவர்களுக்கு அதே மலேரியா, அதே தண்ணீர், மண்சுவர் வீடு. இட்லி மாவு புளிக்காத குளிர்காலம் மட்டும் புதுசு. பங்களாவும் கூலிகளும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அந்தக் குழுவின் ஊழியர் பிள்ளைகளுக்கான சந்தோஷ வித்யாலயா டோனாவூரில், ஏமி அம்மாவின் ஊரிலேயே, நடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித் தெற்கே ஒரு விடுதியில் படித்தவர்; அப்பா அம்மா அந்த ராஜ்மகால் மலையில். முதல் வருட விடுமுறைக்கு, இன்னும் நாலைந்து பிள்ளைகளோடு ஒரு பெரியவர் துணைக்கு வர, இரண்டு நாள் ரயிலில் போனாராம். பெட்டியில் பாட்டி கொடுத்தனுப்பிய புளியும் பருப்புப் பொடியும் கருவாடும். கருவாட்டு வாசனைக்காக வழி முழுக்கச் சக பயணிகளிடம் திட்டு. வீட்டுக்குப் போனதும் தங்கச்சியைத் தூக்கப் போனால், நாலு வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டு மால்தோ அக்காளின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு என்னவோ சொன்னாள். அம்மா சிரித்தார். என்ன சொல்றா என்று கேட்டால், "யாரு இந்தப் பையன், நம்ம வீட்டுல எத்தனை நாள் இருப்பான்னு கேக்குறா" என்றாராம். மறுநாள் காலையில் அப்பா மொழிபெயர்ப்பு நோட்டோடு உட்கார்ந்தார். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, அந்தத் தங்கச்சியைத்தான் கூப்பிட்டுக் கேட்டாராம்.